முதுகுக்கு வெளிச்சம்

சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டை இடிக்காமல் அடுக்களையை மட்டும் புதுசாக்கியிருந்தார். உள்ளே கூட்டிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். கூரையில் பதித்திருந்த ஆறு டவுன்லைட்டுகள் ஒரே நேரத்தில் கண் விழித்தன. டைல்ஸ் மின்னியது. கிரானைட் மேடையில் முகம் தெரிந்தது. நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அதையே சொன்னேன். மனிதருக்கு ஏக சந்தோஷம்.

அவருடைய அம்மா மட்டும் வெண்டைக்காய்த் தட்டோடு ஹாலுக்கு வந்து, பழைய ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, இவ்வளவு வெளிச்சத்தை விட்டுட்டு இங்க வந்துட்டீங்க?"

"வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லய்யா. எல்லாம் முதுகுலல்லா அடிக்கு. கைக்கு வரமாட்டேங்கு."

புது அடுக்களைக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுத முடியாது. நான் எழுதப்போவது அதற்கு உரைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய ஒற்றை விளக்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பைகாராவில் 1932, மேட்டூரில் 1937, நம்ம பாபநாசத்தில் 1944 என்று தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது வீட்டுக்குள் வந்தபோது 'பாயிண்ட்' கணக்கில் வந்தது. இன்றைக்கும் எலக்ட்ரீஷியன் பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுகிறார். ஹாலுக்கு நாலு, படுக்கையறைக்கு மூணு, அடுக்களைக்கு ஒண்ணு. அந்த ஒண்ணையும் கூரை நடுவிலோ, மேடைக்கு எதிர்ச் சுவரிலோ மாட்டிவிடுவார்கள். சமைக்கிறவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும். அவர் நிழலிலேயே அவர் காய் நறுக்க வேண்டும். பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை நான் சிக்கன பட்ஜெட் என்பேன். வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே மாற்ற வேண்டியதுதான். எப்படி மாற்றினோம் என்பதில்தான் கோளாறு.

கூரைக்குள் புதையும் டவுன்லைட், மரச்சட்டம் அடித்துக் கீழே பலகை பொருத்திய கூரைகள் உள்ள நாடுகளுக்குச் சுலபம். அங்கே பலகைக்கு மேலே வெற்றிடம் இருக்கிறது. ஓட்டை போட்டால் விளக்கு உட்கார்ந்துகொள்ளும். நமக்கோ கான்கிரீட் தளம். ஓட்டை போட முடியாது. அதனால் விளக்குக்காகவே ஒரு ஃபால்ஸ் சீலிங். பத்தடி உயரம் ஒன்பதரை ஆகிறது. எல்.இ.டி. வந்து விளக்குகள் மலிவாகி, சூடும் குறைந்த பிறகு, ஹோட்டலிலும் துணிக்கடையிலும் பார்த்தது வீட்டுக்கும் வந்துவிட்டது.

அங்கே இல்லாத இன்னொரு பொருள் நம் அடுக்களையில் இருக்கிறது. லாஃப்ட். தரையிலிருந்து ஏழடி உயரத்தில், சுவரிலிருந்து இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கும் சிமென்ட் பரண். பொங்கல் பானையும், கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவும் குடியிருக்கும் இடம். அதற்கு நேர் கீழே மேடை. அதுவும் இரண்டடி அகலம்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், கூரையில் விளக்கை எங்கே பதிப்பீர்கள்? லாஃப்ட்டுக்கு மேலே பதித்தால் அண்டாவுக்குத்தான் வெளிச்சம். லாஃப்ட்டைத் தாண்டிப் பதித்தால், மேடை முன்னால் நிற்பவரின் உச்சந்தலைக்கு மேலே, அல்லது முதுகுக்குப் பின்னால். வேறு இடமே கிடையாது! லாஃப்ட் இல்லாத அடுக்களையில், மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே வரிசையாகப் பதித்தால் டவுன்லைட் நன்றாகவே வேலை செய்யும். அதை மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் அதற்கு வழி குறைவு.

நாலடி ட்யூப்லைட் நீளமானது. அதன் நிழல் மங்கலாகத்தான் விழும். டவுன்லைட் சின்ன வட்டம். நிழல் அழுத்தமாக விழும். ஆறு வட்டம் எரிந்தால் பலகையில் ஒரே கைக்கு இரண்டு மூன்று நிழல். கத்தி எது, நிழல் எது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒன்பது வாட் வீதம் ஆறு விளக்கு என்றால் 54 வாட். ஒரு எல்.இ.டி. ட்யூப்லைட் 20 வாட். மின்சாரம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியும், கைக்கு வந்த வெளிச்சம் கூடவில்லை.

தாளிப்புப் புகையும் இட்லி ஆவியும் மேலேதான் போகும். விளக்கின் மின்சுற்று அந்த மூடிய கூரைக்குள் சூட்டில் கிடக்கிறது. எல்.இ.டி.யின் ஆயுளைக் குறைப்பது சூடுதான். பல மாடல்களில் பல்பை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது. மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், அதுவும் அதே அளவு ஓட்டைக்குப் பொருந்துவதாகத் தேடி. பழைய ட்யூப்பை ஸ்டூலைப் போட்டு ஏறி நாமே மாற்றினோம்.

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சம் பற்றி இவ்வளவு பேசுகிறானே, இருட்டுக்கடையை மறந்துவிட்டானா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மங்கலான விளக்கில் அல்வா விற்றே பெயர் வாங்கிய கடை. அதை நடத்திய ஒருவர் பெயர் பிஜிலி சிங். இந்தியில் பிஜிலி என்றால் மின்சாரம்! ஆனால் அங்கே நடப்பது நிறுத்துக் கொடுப்பதும் காசு வாங்குவதும். அல்வா வாங்க ஒரு பல்பு போதும். கோதுமைப் பால் நிறம் மாறி நெய் பிரிகிற பதம் பார்க்க அது போதாது. சொதிக்கு ஊற்றிய தேங்காய்ப்பால் திரிகிறதா, வத்தல் கருகுகிறதா என்பதெல்லாம் கண் வேலை. விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. 80-க்குக் கீழே வேண்டாம். 90 இருந்தால் நல்லது.

இன்னொன்று. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வீட்டிலேயே அதிக வெளிச்சம் தேவைப்படுகிற ஆளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? டைல்ஸ் நிறத்துக்கு மருமகளைக் கேட்டிருக்கிறார்கள். சிம்னிக்கு மைத்துனரைக் கேட்டிருக்கிறார்கள். விளக்குக்குக் கேட்டது கான்ட்ராக்டரை. அவர் அந்த அடுக்களையில் ஒரு வெங்காயம்கூட நறுக்கப்போவதில்லை.

மாற்று வழி ரொம்பச் சாதாரணம். லாஃப்ட்டின் அடிப்பக்கம், முன் விளிம்பை ஒட்டி, ஒரு எல்.இ.டி. ட்யூப்லைட். கண் கூசாமல் இருக்க முன்னால் ஒரு சின்னப் பட்டி. அங்கிருந்து மேடைக்கு நாலேகால் அடி. கூரையிலிருந்து என்றால் ஆறேமுக்கால் அடி. தூரம் குறையக் குறைய வெளிச்சம் பெருகும். கைக்கும் விளக்குக்கும் நடுவே தலை வராது. கூரையில் பொது வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு இருந்தால் போதும்.

இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். மேடை முன்னால் நின்று, கத்தி பிடிக்கிற மாதிரி கையை வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பலகைமேல் விழுந்தால், எத்தனை விளக்கு எரிந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நண்பரிடமும் இதையே சொன்னேன். "லாஃப்ட்டுக்கு அடியில ட்யூப்லைட் மாட்டினா லுக் போயிருமே" என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

போன வாரம் மறுபடி போனேன். மாட்டியிருந்தார். அம்மா மேடை முன்னால் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், அந்த ஒரு விளக்கில். என்னைப் பார்த்ததும் நண்பர் ஓடிப்போய் ஆறு டவுன்லைட்டையும் போட்டார்.

விருந்தாளிக்காகவாம்.