வழித்துணை வாய்க்காத வயது

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அன்று முதல் அதனைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனை ஒரு வரலாற்று நாவலாகவே எடுத்துக்கொண்டனர். நிஜாம் ஆட்சியின் இறுதி நாள்கள், ரஜாக்கர்களின் ஆர்ப்பாட்டம், 1948 செப்டம்பர் 13 அன்று தொடங்கிச் சில நாள்களிலேயே முடிந்துபோன இந்திய ராணுவ நடவடிக்கை ஆகியவற்றை அருகிருந்து கண்ட ஒருவர் தீட்டிய சித்திரம் என்ற பாராட்டு அதற்கு நிரம்பக் கிடைத்துள்ளது. பாராட்டில் பிழையில்லை. ஆயினும் தமிழ்நாட்டுக்கு வெளியே ஆண்பிள்ளைகளை வளர்ப்போர் இந்நாவலைப் படிக்குங்கால், வரலாற்றுக்கு முன்பாக வேறொன்று கண்ணில் படுகிறது. கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்கும் பிள்ளை ஒருவன் ஆண்மகனாக வளரும் வழியில், அவனோடு சேர்ந்து சிறிது தூரம் நடக்க ஒரு பெரியவர்கூட இல்லை என்பதே அது.

சந்திரசேகரனுக்குத் தந்தை இல்லையா எனக் கேட்கலாம். இருக்கிறார், நல்லவர், ரயில்வே உத்தியோகஸ்தர். செகந்திராபாத்தின் லான்ஸர் பாரக்ஸ் குடியிருப்பில் குடும்பத்தைப் பசியறியாமல் காப்பாற்றுகிறார். ஆனால் அயலூரில் குடும்பம் நடத்தும் தகப்பனுக்குக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடுகிறது. சொந்த ஊரில் இந்தச் சுமை பலர் தோளில் பகிர்ந்து கிடக்கும். தாய்மாமன் ஒரு பக்கம், பள்ளி ஆசிரியர் ஒரு பக்கம், திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியப்பா ஒரு பக்கம் எனப் பையன் தடுக்கி விழுந்தால் தாங்கப் பத்துக் கைகள் இருக்கும். தந்தையிடம் வாய்திறவாத பிள்ளை மாமனிடம் திறப்பான். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் மாமன் ஒரு தபால் அட்டை மட்டுமே.

இந்த வெற்றிடத்தைச் சந்திரசேகரன் கிரிக்கெட்டாலும் சைக்கிளாலும் நிரப்பிக்கொள்கிறான். அவை அவனுக்கு ஊரைக் காட்டின. மதம் கடந்த தோழமையைக் காட்டின. நாவலின் மிக இனிய பக்கங்கள் அவையே. ஆனால் விளையாட்டுத் தோழர்களும் அவன் வயதினரே; அவர்களுக்கும் வழி தெரியாது. ஊர் இரண்டுபடத் தொடங்கியதும் அந்தத் தோழமை வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே கசந்து போகிறது.

இந்நிலையில் அவனைத் தேடி வருபவர் யார்? கூட்டம் மட்டுமே. வகுப்பைப் புறக்கணி என்கிறது. வராதவன் கோழை என்கிறது. ஆண்மை என்பதற்கு அவனுக்குக் கிடைக்கும் முதல் விளக்கம் இவ்வாறு ஓர் ஏளனச் சொல்லாகவே வருகிறது. கொள்கையை அறிந்தல்ல, ஏளனம் தாங்காமலே அவன் போராட்டத்தின் பக்கம் நகர்கிறான் என்பதை ஆசிரியர் சற்றும் மறைக்கவில்லை. கூட்டத்தின் கோரிக்கை நியாயமானதா என்பது வேறு வினா. அன்று அது நியாயமாகவே இருந்தது எனலாம். ஆளில்லாத பிள்ளையை முதலில் வந்து கேட்பவருக்குச் சொந்தமாக்கிவிடும் வயது அது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். சுதேசமித்திரனில் தொடராக வந்த அந்நாவலைப் பாபு, யமுனா காதற்கதையாகவே நம்மவர் நினைவிற் கொண்டுள்ளனர். எனினும் அதன் அச்சாணி ரங்கண்ணாதான் என்பது என் துணிபு. கும்பகோணத்து அச்சங்கீத ஆசான் பாபுவுக்கு ஒழுக்க போதனை எதுவும் செய்யவில்லை. தம்பூராவையும் சுருதியையும் கொடுத்தார். தினம் உட்கார்ந்து செய்ய ஒரு வேலையைக் கொடுத்தார். அந்தத் துணை பாபுவைத் தவறிலிருந்து காத்ததா எனில், இல்லை. அண்டை வீட்டுத் தங்கம்மாளின் முடிவுக்கு அவன் வாழ்நாள் முழுதும் பதில் சொல்ல வேண்டியவனே. ஆனால் தவறிய பிறகு திரும்பிச் செல்ல அவனுக்கு ஓர் இடம் இருந்தது. ஆசான் மறைந்த பின்னரும் அந்த இடம் அழியவில்லை; நாவலின் முடிவிலும் அவன் இசைப் பயிற்சிக்காகவே புறப்படுகிறான். நல்லாசானின் பயன் சீடன் விழாதிருப்பதில் இல்லை என்று ஜானகிராமன் கண்டது நம் நாவல் இலக்கியத்தின் பெரும்பேறுகளுள் ஒன்று.

காவிரிக்கரையில் பாபுவுக்கு வாய்த்த அந்த இடம் ஹுஸேன் சாகர் கரையில் சந்திரசேகரனுக்கு இல்லை. நாவலின் நடையிலேயே இது பதிந்துள்ளது. ஓர் அத்தியாயம் ‘நான்’ எனப் பேசும். பிறிதோர் அத்தியாயம் ‘அவன்’ எனத் தள்ளி நிற்கும். இதனை உத்திப் புதுமை என்று மட்டும் வியப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனத்தில் உள்ளதைக் கொட்டுதற்குப் பெரியவர் ஒருவரும் இல்லாத பையன், தன்னையே இரண்டாகப் பிளந்து தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதாகவே இம்மாற்றத்தைக் கொள்ள வேண்டும்.

நம் சங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் வகுப்பும் பாட்டு வகுப்பும் சிறுவர் நிரம்பியவை. பதினைந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகளை அங்குக் காண்பதரிது. பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்குதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். அடுக்கி முடித்தபின் அவர்கள் எங்குச் செல்கின்றனர் என்று கேட்பாரில்லை. தமிழ் வாசிக்கவியலாத பிள்ளைகளுக்கு இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. அவர்களோடு சேர்ந்து பெரியவர்களும் அதனைப் படிக்கலாம்.

நாவலின் இறுதிக் காட்சி பலரால் பேசப்பட்டதே. ராணுவ நடவடிக்கைக்குப் பின் வன்முறை சூழ்ந்த இரவொன்றில், உயிரச்சத்தோடு ஓடிவரும் சந்திரசேகரன் அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீட்டினுள் புகுந்துவிடுகிறான். அவன் எதிரி அல்லன். ஆனால் அக்குடும்பத்தின் இளம்பெண், தன்னவரை விட்டுவிடுமாறு வேண்டி, தன் ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். வீட்டாரும் ஆசிரியரும் உணர்த்தாத ஒன்றை, தான் இப்போது ஓர் ஆண், பிறர் அஞ்சத்தக்கவன் என்பதை, அவளது அச்சம் அவனுக்கு உணர்த்திவிடுகிறது. அவன் பதறி வெளியே ஓடுகிறான். வீடு போய்ச் சேர்ந்தானா, யாரிடமேனும் இதைச் சொன்னானா என்பதை அசோகமித்திரன் எழுதவில்லை.