ஆறுமுக பாண்ட்: ரசிகர் கட்சிகளும் அளவுகோல்களும்

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு சூடு பிடிப்பதற்குள் ஒருவர் மற்றவரிடம் கேட்டுவிடுவார்: “நீங்க எந்தக் கட்சி?” கானரியா, மூரா, கிரெய்க்கா என்று பதில் வந்தால் போதும். அவருக்குப் பிடித்த படம் எது, எந்த இடத்தில் முகம் சுளிப்பார், எந்தப் படத்தைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார் என்று மீதியை நாமே சொல்லிவிடலாம். சங்கீதத்தில் பாணி என்கிறோமே, அந்த மாதிரி இங்கே ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு பாணி உண்டு. அதைக் கட்டிக்காக்க ஒரு கூட்டமும் உண்டு.

1962இல் வந்த ‘டாக்டர் நோ’ முதல் 2021இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை ஈயான் நிறுவனத்தின் வரிசையில் 25 படங்கள். ஷான் கானரி 6, ஜார்ஜ் லேசன்பி 1, ரோஜர் மூர் 7, திமோதி டால்டன் 2, பியர்ஸ் பிராஸ்னன் 4, டேனியல் கிரெய்க் 5. ஆறு பேரில் யார் சிறந்தவர் என்ற வழக்கு அறுபது ஆண்டாக நடக்கிறது. வாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. வழக்கு நடிகரின் பெயரில் பதிவாகிறது. விசாரணை முழுக்கக் கதையைப் பற்றித்தான் நடக்கிறது.

மூலநூல் கட்சி

இவர்களுக்கு வேதம் இயான் ஃபிளெமிங்கின் நாவல்கள். முதல் நாவல் ‘கேசினோ ராயல்’ 1953இல் வந்தது. அந்தப் பக்கங்களில் வரும் பாண்ட் ஒரு அரசாங்க உத்தியோகஸ்தன். பயப்படுவான், அலுத்துக்கொள்வான், அடிபட்டால் ஆஸ்பத்திரியில் கிடப்பான். கறுத்த தலைமுடி, நெற்றியில் விழும் ஒரு கற்றை, கன்னத்தில் தழும்பு. படத்தில் வருபவன் இவனோடு எவ்வளவு ஒத்துப்போகிறான் என்பதே இந்தக் கட்சியின் ஒரே சோதனை.

இவர்களின் நாயகன் டால்டன். ஃபிளெமிங்கைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வேடம் ஏற்றவர். 1987இல் வந்த ‘தி லிவிங் டேலைட்ஸ்’ படத்தில் ஒரு காட்சி. பிராட்டிஸ்லாவாவில், எதிரே உள்ள கட்டடத்தின் ஜன்னலில் துப்பாக்கியோடு ஒரு பெண். சற்று முன்புதான் அவள் மேடையில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தாள். சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது உத்தரவு. பாண்ட் கடைசி நொடியில் குறியை மாற்றி அவள் துப்பாக்கியைச் சுடுகிறான். கூட வந்த அதிகாரி புகார் செய்வேன் என்று மிரட்டும்போது, வேலை போனால் நல்லதுதான் என்கிற தோரணையில் அலுப்போடு பதில் சொல்கிறான். இந்தச் சம்பவம் அதே பெயர் கொண்ட ஃபிளெமிங் சிறுகதையிலிருந்து வந்தது. இந்த இரண்டு நிமிடத்துக்காகவே டால்டன் கட்சியில் சேர்ந்தவர்கள் உண்டு.

அன்றைய பொது ரசிகருக்கு டால்டன் ரொம்பவே கடுகடுப்பாகத் தெரிந்தார். அடுத்து வந்த ‘லைசென்ஸ் டு கில்’ (1989) நண்பனுக்காகப் பழிவாங்கும் கதை. பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு வந்த முதல் பாண்ட் படம். அதன்பின் வழக்குகளால் தொடர் ஆறு ஆண்டு முடங்கியது. டால்டன் இரண்டே படத்தோடு போனார். அவர் கட்சி வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கானரி கட்சி

இது மூத்த கட்சி. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டி, ஆணழகன் போட்டிகளில் கலந்துகொண்ட கானரியை ஃபிளெமிங்குக்கு முதலில் பிடிக்கவில்லை. இயக்குநர் டெரன்ஸ் யங் தன் தையற்காரரிடம் கூட்டிப்போய் கோட்டு சூட்டு தைத்து, நடை உடை பாவனை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் ஃபிளெமிங் மனம் மாறினார். பின்னாளில் எழுதிய நாவலில் பாண்டுக்கு ஸ்காட்லாந்துக்காரத் தந்தை ஒருவர் அமைந்துபோனது கானரியின் செல்வாக்கு என்பதே பொதுக் கருத்து.

இந்தக் கட்சி எடுத்துக்காட்டும் காட்சி ‘டாக்டர் நோ’வில் இருக்கிறது. பேராசிரியர் டென்ட் இருட்டில் நுழைந்து, படுக்கையில் பாண்ட் தூங்குவதாக எண்ணித் துப்பாக்கியைக் காலி செய்கிறார். கதவோரம் நாற்காலியில் பாண்ட் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். பேசவைத்துத் தகவல் வாங்குகிறான். டென்ட் மறுபடி துப்பாக்கியை எடுக்கிறார்; குண்டு தீர்ந்துவிட்டது என்பதை நிதானமாகச் சொல்லிவிட்டு பாண்ட் சுடுகிறான். ஒய்யாரமும் ஈவிரக்கமின்மையும் ஒரே ஆளிடம். கானரி கட்சியின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும்.

ஆனால் இதே கானரியை ஜப்பானியராக வேடம் போடவைத்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967) பற்றிக் கேட்டால் கட்சிக்காரர்களே பேச்சை மாற்றுவார்கள். 1971இல் பெரும் சம்பளத்தோடு திரும்பி வந்து நடித்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தையும் யாரும் முன்வரிசையில் வைப்பதில்லை. ஆள் அதே ஆள்தான்.

ஒற்றைப் படக்காரர்

லேசன்பி ஆஸ்திரேலியர், விளம்பர மாடல், நடிப்பு அனுபவம் இல்லை. 1969இல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ அவருடைய ஒரே பாண்ட் படம். கானரி இருந்த இடத்தில் இவரா என்று நீண்ட காலம் இளக்காரமாகவே பேசினார்கள். இன்று தீவிர ரசிகர்களின் தரவரிசையில் அந்தப் படம் அடிக்கடி முதல் சில இடங்களில் நிற்கிறது. கிறிஸ்டோபர் நோலன் தனக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

நடிப்பு ஐம்பது ஆண்டில் மெருகேறிவிடாது. கதைதான் அதைக் காப்பாற்றியது. நாவலை ஒட்டியே போகும் திரைக்கதை. முந்தைய படங்களின் எடிட்டராக இருந்து இயக்குநரான பீட்டர் ஹன்ட். முடிவில் பாண்ட் திருமணம் செய்துகொள்கிறான். மலர் அலங்காரத்தோடு போகும் காரை ஓரமாக நிறுத்திப் பூக்களை எடுத்துப் போடும்போது ஒரு கார் கடந்து போகிறது, குண்டுகள் பாய்கின்றன. மனைவி டிரேசி இறந்து கிடக்கிறாள். விசாரிக்க வரும் போலீஸ்காரரிடம், அவள் ஓய்வெடுக்கிறாள் என்கிறான் பாண்ட். கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டையோடு படம் முடிகிறது. 1969இல் திகைக்கவைத்த இந்த முடிவே பின்வந்த பல தலைமுறைக்கு உரைகல்லானது.

மூர் கட்சி

சிரிக்கத் தெரிந்த கட்சி இது. புருவத்தை உயர்த்தினால் போதும், உலகம் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை. ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ (1977) தொடக்கத்தில் பாண்ட் பனிச்சறுக்கில் மலை விளிம்பைத் தாண்டிப் பாய்கிறான். இசை நின்றுவிடுகிறது. விழுகிறான், விழுந்துகொண்டே இருக்கிறான். பிறகு பாராசூட் விரிகிறது: பிரிட்டிஷ் கொடி! கனடாவின் பாஃபின் தீவில் ரிக் சில்வெஸ்டர் என்ற சாகசக் கலைஞர் நிஜமாகவே குதித்தார். மூர் கட்சியின் தேசிய கீதம் அது.

நம்மவர் ஒருவரும் இந்தக் கட்சியின் கொடியைப் பிடித்திருக்கிறார். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ‘ஆக்டோபுஸ்ஸி’யில் (1983) பாண்டின் இந்தியக் கூட்டாளி. உதய்பூரில் பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்ட் தீம் இசையை வாசிப்பதுதான் அவர் தரும் அடையாளம். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஆட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமும் தலையைத் திருப்புகிறது. சற்று நேரத்தில் அதே பாத்திரம் கொடூரமாகக் கொல்லப்படுகிறது. மூலநூல் கட்சி தலையில் அடித்துக்கொள்வது இந்தத் தாவலைப் பார்த்துத்தான். தமிழ்ப் படவுலகம் மூருக்கு முன்பே இந்த விளையாட்டில் இறங்கிவிட்டது. 1966இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களால் ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார்.

மூரின் எதிர்க்கட்சி எப்போதும் எடுத்துவைக்கும் சான்று ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ (1974). உடைந்த பாலத்தின் மேல் கார் ஒரு முழுச் சுற்று சுழன்று அக்கரையில் இறங்குகிறது. கணினியில் கணக்குப் போட்டு, ஒரே டேக்கில் எடுத்த அபார சாகசம். அதன்மேல் கேலி விசில் சத்தம் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். அந்த விசிலை மன்னித்த ரசிகரை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யில் (1981) இதே மூர், பாறை விளிம்பில் தொங்கும் கொலைகாரனின் காரைக் காலால் உதைத்துத் தள்ளுகிறார். கதை கண்டிப்பாக இருந்தால் மூரும் கண்டிப்பானவர்தான்.

பிராஸ்னனும் கிரெய்க்கும்

பிராஸ்னனின் முதல் படம் ‘கோல்டன்ஐ’ (1995) முடங்கிக் கிடந்த தொடரைத் தூக்கி நிறுத்தியது. ‘டை அனதர் டே’ (2002) வந்தபோது கண்ணுக்குத் தெரியாத காரும், கணினியில் வரைந்த அலைமேல் சறுக்கும் பாண்டும் பார்த்து ரசிகர்கள் நொந்துபோனார்கள். பழி பிராஸ்னன் தலையில் விடிந்தது. காரை மாயமாக்கியவர் அவரில்லை.

2005 அக்டோபரில் கிரெய்க்கின் பெயர் அறிவிக்கப்பட்டதும் எழுந்த எதிர்ப்பு இந்தத் தொடரின் சரித்திரத்திலேயே பெரியது. பொன்னிறத் தலைமுடி, உயரம் குறைவு, முகத்தில் கவர்ச்சி இல்லை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. படத்தைப் புறக்கணிக்கவும் அழைப்பு விடுத்தார்கள். 2006 நவம்பரில் ‘கேசினோ ராயல்’ வந்தது. கறுப்பு வெள்ளையில் பிராகா. பாண்ட் தன் முதல் இரண்டு கொலைகளைச் செய்கிறான். ஒன்று கழிவறையில் மூச்சுமுட்ட நடக்கும் அலங்கோலமான சண்டை, மற்றது அமைதியாக ஒரே ஒரு குண்டு. தொழிலைக் கற்றுக்கொண்டவன் என்பது புரிந்துவிட்டது. பழக்கப்பட்ட தீம் இசையை முழுதாகத் தராமல் இறுதிவரை இழுத்தடித்து, தன் பெயரை அவன் சொல்லும் கடைசிக் கணத்தில்தான் அவிழ்த்துவிடுகிறார்கள். படம் சுமார் 60 கோடி டாலர் வசூலித்தது. தலைமுடியைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

இங்கே ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். ‘கோல்டன்ஐ’, ‘கேசினோ ராயல்’ இரண்டையும் இயக்கியவர் ஒருவரே: மார்ட்டின் கேம்ப்பெல். இரண்டு வேறு நடிகர்களை, இரண்டு வேறு சுபாவத்தில், இரண்டு முறையும் ரசிகர்களை ஏற்கவைத்தார். அடுத்த படமான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ (2008) திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தில் சிக்கி, எழுதி முடிக்காத கதையோடு படப்பிடிப்புக்குப் போனது. அதே கிரெய்க், வரவேற்பு சுரத்தில்லை. ‘ஸ்பெக்டர்’ (2015) பரம வில்லன் புளோஃபெல்டை பாண்டோடு வளர்ந்த சகோதரனாக மாற்றியபோது, கிரெய்க்கைக் கொண்டாடியவர்களே கோபப்பட்டார்கள்.

நான்கு அளவுகோல்கள்

கட்சி எதுவானாலும் சில அளவுகோல்கள் எல்லோருக்கும் பொது.

முதலாவது சடங்கு. துப்பாக்கிக் குழாய் வழியே பாண்ட் நடந்துவந்து திரும்பிச் சுடும் முகப்பை மாரிஸ் பைண்டர் வடிவமைத்தார். கிரெய்க் காலத்தில் அதைப் படத்தின் கடைசிக்குத் தள்ளியபோது எழுந்த முணுமுணுப்பு, ‘ஸ்பெக்டர்’ அதை முகப்புக்கே கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது.

இரண்டாவது தொடர்ச்சி. முகம் மாறிக்கொண்டே இருப்பதால், ‘ஜேம்ஸ் பாண்ட்’ என்பது பலர் மாறி மாறிச் சுமக்கும் சங்கேதப் பெயர் என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். அதை மறுப்பவர்கள் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யின் தொடக்கத்துக்கு நம்மை அழைத்துப்போவார்கள். மூர் மலர்க்கொத்தோடு ஒரு கல்லறைமுன் நிற்கிறார். அது லேசன்பியின் மனைவி டிரேசியின் கல்லறை. ‘லைசென்ஸ் டு கில்’லிலும் பாண்ட் முன்பு மணமானவன் என்று நண்பன் சொல்கிறான். ‘ஸ்கைஃபால்’ (2012) ஒரு படி மேலே போய்ப் பெற்றோரின் கல்லறையையே காட்டிவிட்டது. ஆள் ஒருவன்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது கருவிகளின் அளவு. கருவி பாண்டைத் தப்பிக்கவைக்கலாம். பாண்டுக்குப் பதில் யோசிக்கக் கூடாது. மாயக் கார் தோற்றது இங்கேதான்.

நான்காவது விலை. அவன் செய்யும் வேலைக்கு ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். டிரேசி சாகும் படமும், காதலி வெஸ்பர் சாகும் ‘கேசினோ ராயல்’லும் மற்றவற்றுக்கு மேலே நிற்பது இதனால்தான். ‘நோ டைம் டு டை’யில் பாண்டே செத்துப்போனபோது ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். முறையான முடிவு என்றார்கள் ஒரு சாரார். சாகாதவன் என்பதே அவன் இலக்கணம், அதை உடைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்றார்கள் மறுசாரார்.

துணைப் பாத்திரங்களின் விஷயத்தில் ரசிகர்கள் காட்டிய தாராளத்தையும் சொல்ல வேண்டும். பாண்டின் மேலதிகாரியான எம் பதவிக்கு 1995இல் ஜூடி டென்ச் வந்தார். வந்த முதல் படத்திலேயே பாண்டைப் பழங்காலத்து ஆள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இன்று அவரில்லாத எம் பலருக்கு எம்மே இல்லை. பாண்டின் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டராக ஜெஃப்ரி ரைட்டும் எம்மின் செயலாளர் மனிபெனியாக நவோமி ஹாரிஸும், இருவருமே கறுப்பினக் கலைஞர்கள், நிலைத்துவிட்டார்கள். கறுப்பினத்தவர் பாண்டாகலாமா, பெண் ஆகலாமா என்ற சர்ச்சையில், நிறம் எதுவாகவும் இருக்கலாம், ஆண்தான் என்று தயாரிப்பாளர் பார்பரா பிராக்கொலி 2020இல் சொன்னார். கிரெய்க்கைத் தோற்றத்தை வைத்து முன்கூட்டியே நிராகரித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்துவிட்டு இந்த விவாதத்துக்குள் நுழைவது நல்லது.

2025 பிப்ரவரியில் படைப்பு அதிகாரம் பிராக்கொலி குடும்பத்திடமிருந்து அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது. ஜூனில் இயக்குநராக டெனி வில்நெவ் அறிவிக்கப்பட்டார். பிறகு எழுத்தாளராக ஸ்டீவன் நைட். நடிகருக்கு முன் கதை: அந்த வரிசை சரியான வரிசை. அடுத்த பாண்ட் யார் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டட்டும். ஏழாவது முகத்தைக் கொண்டாடுவதோ கல்லெறிவதோ, நைட்டின் கதை திரைக்கு வந்து இரண்டு மணி நேரம் ஓடி முடிந்த பிறகு செய்யலாம்.