தோற்றவனின் பக்கம் நின்ற படம்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கிறது ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே இங்கே ஒரு நீர்த்தேக்கம் உண்டு. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான். மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. வெள்ளாமை இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் பட்டாசு ஆலை. குச்சியும் மருந்தும் உலர்வதற்குக் காய்ந்த காற்று தோதாக இருந்ததால் இந்தத் தொழில்கள் இங்கே வேர்பிடித்தன. சம்சாரியைக் கைவிட்ட வெயில் ஆலைகளுக்குக் கைகொடுத்தது. அந்த வெயிலைத் தன் படத்துக்குப் பெயராகவே வைத்தார், விருதுநகர்க்காரரான வசந்தபாலன்.

2006 டிசம்பரில் ‘வெயில்’ வெளியானது. தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். வசந்தபாலன் அவரிடம் உதவியாளராக இருந்தவர். ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த முதல் படமும் இதுதான். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. 2007இல் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. இத்தனை இருந்தும், விருதுகளின் பட்டியலை வைத்து இந்தப் படத்தை அளக்க முடியாது. வீட்டுக்குக் கடன்பட்ட ஒரு பிள்ளை தன் ஆசையின் பின்னால் ஓடிப்போய் எதையும் சாதிக்காமல் திரும்பி வந்தால் அவனுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று இந்தப் படம் கேட்கிறது. தமிழ் சினிமா அதிகம் கேட்காத கேள்வி அது.

சிவனாண்டி கறிக்கடைக்காரர். இரண்டு மகன்கள், பெண் பிள்ளைகளும் உண்டு. மூத்தவன் தலையெடுத்தால் குடும்பம் தலைநிமிரும் என்பது தென்மாவட்டத்துத் தகப்பன்மார் பலரின் கணக்கு. அவருடைய கணக்கும் அதுதான். மூத்தவன் முருகேசனோ பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போகிறான். கையும் களவுமாகப் பிடிபட்டவனை அப்பா உடுதுணி உருவி, கட்டிப்போட்டு, கொதிக்கும் வெயிலில் நிறுத்துகிறார்.

அந்தக் காட்சியை இன்னொரு முறை கவனித்துப் பார்க்க வேண்டும். சிறுவனை வதைப்பதில் அடிக்கும் கைக்கு இருக்கும் பங்கைவிட ஊரின் கண்களுக்கு இருக்கும் பங்கு பெரியது. பருவத்தின் வாசலில் நிற்கும் பையனுக்கு உடம்பைப் பற்றிய கூச்சம் அப்போதுதான் முளைக்கிறது. தண்டனை சரியாக அங்கே விழுகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவனும் மற்றப் பிள்ளைகளும் வெயிலில் ஆடிப் பாடித் திரிந்ததைக் காட்டிய ஒளிப்பதிவாளர் மதியின் கேமரா, இப்போது அதே வெளிச்சத்தைக் கொண்டு அவனை ஒளிய இடமில்லாமல் செய்துவிடுகிறது. விளையாட்டுத் தோழனாக இருந்த வெயில் சாட்சியாக மாறுகிறது. அன்று வீட்டில் இருந்த பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடுகிற முருகேசன், அதையும் வழியில் பறிகொடுக்கிறான்.

அவன் போய்ச் சேருகிற இடம் ஒரு சினிமா தியேட்டர். அங்கே ஆப்பரேட்டரின் நிழலில் வளர்கிறான்.

டிஜிட்டல் வருவதற்கு முந்தைய ஆப்பரேட்டர் அறையை அறிந்தவர்களுக்கு அந்தத் தேர்வின் பொருத்தம் புரியும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளை நெருக்கிவைத்து மின்சாரம் பாய்ச்சினால், நடுவில் கண் கூசும் வெளிச்சம் பிறக்கும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். அதைத் திருகித் திருகிச் சரிசெய்யாவிட்டால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். 2,000 அடி ரீல் ஓடி முடிய ஏறக்குறைய 20 நிமிடம். முடியப்போகும் நேரத்தில் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்து அடுத்த புரொஜக்டருக்கு மாற்ற வேண்டும். அறுந்த பிலிமை ஒட்டவும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் கனவு காண்பதற்காக ஒருவன் புழுக்கமான அறையில் கண்விழித்துக் கிடக்கும் வேலை. வெயிலுக்குப் பயந்து ஓடிய பையன், பூட்டிய அறைக்குள் ஒரு சின்னச் சூரியனைக் காவல் காக்கிறான். ஆசைப்பட்ட சினிமாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். ஆனால் அதில் அவனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அங்கே தங்கம் என்ற பெண்ணின் மீது வரும் காதல் அவளுடைய சாவில் முடிகிறது. பின்னர் தியேட்டரும் கைமாறி இடிபடுகிறது. இருபது ஆண்டுகள் போல வெளியே கழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். தம்பி கதிர் அதற்குள் விளம்பர நிறுவனம் நடத்துகிறான், வீட்டைத் தாங்குகிறான். அண்ணன் விட்டுப்போன பாரத்தைச் சுமந்துகொண்டே தன் ஆசையையும் வளர்த்துக்கொண்டவன். எந்த இடத்திலும் தம்பி அண்ணனைக் குத்திக்காட்டுவதில்லை. ஓடிப்போனவனுக்கு அந்தப் பாசமே எல்லாவற்றிலும் கனமான சுமையாகிவிடுகிறது.

முருகேசனாக வரும் பசுபதியின் நடிப்பு உச்சம் தொடுவது இந்தப் பகுதியில்தான். கூத்துப்பட்டறையில் பயின்ற அவருக்கு உடம்பே மொழி. சொந்த வீட்டுக்குள் விருந்தாளியைப் போல ஒடுங்கி நிற்கிறார். அப்பா வந்தால் தோள்கள் தாமாகக் குறுகுகின்றன. நாற்பதை நெருங்கும் ஆளுக்குள் அந்த வெயிலில் நின்ற பையன் இன்னும் நிற்கிறான் என்பதை வசனம் இல்லாமலே சொல்லிவிடுகிறார். ‘அறுவடை நாள்’ இயக்கிய ஜி.எம். குமார் சிவனாண்டியாக வருகிறார். அவரை வில்லனாக்கிவிடுவது சுலபம். படம் அதைச் செய்யவில்லை. மகனை மன்னிக்கத் தெரியாத முரட்டு மனிதரின் வீம்புக்கு அடியில், அன்று தான் செய்த காரியத்தின் உறுத்தலும் கிடப்பதை அவருடைய முகம் காட்டுகிறது.

முருகேசனின் பால்ய சிநேகிதி பாண்டியாக ஷ்ரேயா ரெட்டி வருகிறார். அவளுக்கு வாய்த்தது தீப்பெட்டி ஆபீஸ். இந்த வட்டாரத்தில் பையனுக்கு ஓடிப்போகவாவது ஒரு வழி இருந்தது; பெண்பிள்ளைகளோ விபரம் தெரிவதற்கு முன்பே கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்கார்த்தப்பட்டார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைத்தான் பின்தொடர்ந்தது. எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’, மகளின் தீப்பெட்டிச் சம்பளத்தை நம்பிப் பிழைக்கும் கரிசல் குடும்பத்தைச் சொன்னது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இந்தப் பின்னணியோடு பார்த்தால் பாண்டியின் சில காட்சிகளுக்கு உரிய கனம் விளங்கும்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கதிரின் தொழில் எதிரிகளோடு நடக்கும் அடிதடி, அன்றைய வணிக சினிமாவுக்குக் கட்டிய கப்பம். பிற்பாதியில் துயரம் மேல் துயரமாக அடுக்குவதும் சற்று அதிகம்தான். ஆனால் மையத்தில் அது தடுமாறவில்லை. தியேட்டர் ஆப்பரேட்டரோடு வளரும் சிறுவன் என்றதும் பலருக்கு இத்தாலிய இயக்குநர் ஜுசெப்பே தொர்னதோரேயின் ‘சினிமா பாரடைசோ’ (1988) நினைவுக்கு வரும். அந்தப் படத்துச் சிறுவன் பெரிய இயக்குநராகி ஊர் திரும்புகிறான். அவன் பட்ட பிரிவுக்கெல்லாம் அந்த வெற்றி ஈடாக நிற்கிறது. முருகேசனுக்கு அப்படி எந்த ஈடும் இல்லை. தம்பியைக் காப்பாற்றப்போய் உயிரை விடும்போதுதான் அவன் மூத்த பிள்ளைக்குரிய கடனை அடைக்கிறான். அப்பா உடைந்து அழுவதும் அதற்குப் பிறகுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2010இல், வசந்தபாலன் இதே கேள்வியின் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டார். ஜெயமோகன் வசனம் எழுதிய ‘அங்காடித் தெரு’வின் ஜோதிலிங்கம் நன்றாகப் படித்த பையன். ரயில்வே கேட்டில் அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு, அம்மாவுக்காகவும் தங்கைகளுக்காகவும் சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறான். முருகேசன் கடமையை விட்டு ஓடியவன். இவன் கடமைக்காகவே ஊரை விட்டுப் போனவன். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, சொன்னபடி கேட்ட பிள்ளைக்கும் ஊர் எந்தச் சலுகையும் தரவில்லை என்பது தெரியவரும். அந்த நியாயக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஓடிப்போன முருகேசன்மீது சிவனாண்டிக்கு இருந்த கோபத்தில் பாதி, பையனைப் போய்ச் சேர வேண்டியதே இல்லை.