'ரஷோமொன்' திரைப்படமும் மாயை என்னும் சொல்லும்

அகிரா குரோசவாவின் 'ரஷோமொன்' (1950) பற்றி உரையாடும்போதெல்லாம் 'மாயை' என்ற சொல் நம் வாயில் மிக எளிதாக வந்துவிடுகிறது. ஒரு கொலையை நால்வர் நான்கு விதமாகக் கூறுகின்றனர். ஆகவே உண்மையென ஒன்றில்லை, யாவும் தோற்றமே என முடிவுகட்டிவிடுகிறோம். இவ்விளக்கம் படத்துக்கும் பொருந்தாது, மாயை பற்றிய நமது தத்துவ மரபுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து.

சங்கரரிடமிருந்தே தொடங்கலாம். மங்கிய ஒளியிற் கயிறு பாம்பாகத் தோன்றுவதைக் கூறும் அத்வைதி, பாம்பு பொய் என்கிறாரேயன்றிக் கயிறும் இல்லையெனக் கூறுவதில்லை. அன்றியும் கொலையும் வழக்கும் நிகழும் உலகு அவருக்கு வியாவகாரிகம், கயிற்றரவு பிராதிபாசிகம். இரண்டையும் ஒன்றாக்குதல் அத்வைதமன்று. படத்திலும் பிணம் ஒன்று கிடக்கிறது. அதனை மறுப்பார் எவருமில்லை.

பின் சாட்சிகள் வேறுபடுவதேன்? தண்டனைக்கு அஞ்சிப் பொய்யுரைத்தல் உலக வழக்கு. இங்கோ மூவர் கொலையைத் தம்மேலேயே ஏற்றுக்கொள்கின்றனர். கள்வன் தஜோமாரு வாட்போரில் வென்று கொன்றதாகக் கூறுகிறான். கணவனின் இகழ்ச்சிப் பார்வையைத் தாங்காது மயங்கியதாகவும், விழித்தபோது தன் குத்துவாள் அவன் மார்பிலிருந்ததாகவும் மனைவி கூறுகிறாள். ஆவியாக வந்து பேசும் கணவன் தானே தன்னைக் குத்திக்கொண்டதாகக் கூறுகிறான். உயிரினும் பெரிதாக ஒவ்வொருவரும் காக்க முனைவது தம்மைப் பற்றித் தாம் கொண்ட உருவையே. பின்னர் விறகுவெட்டி விவரிக்கும் சண்டையில் வீரரிருவரும் கை நடுங்க, மூச்சிரைக்க மண்ணில் உருள்கின்றனர். நகைப்புக்கிடமான அச்சண்டையே படத்தின் மிகக் கூரிய பகுதி எனலாம். (குத்துவாளைத் திருடியதை அவனும் மறைத்தவனே.)

ஆகவே நாம் தேடவேண்டிய சொல் மாயையன்று, ஆணவம். சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள். விடியுமளவும் உயிர்க்கு உதவும் விளக்குப் போன்றது. மறைப்பது ஆணவமே. இருள் பிறவற்றை மறைப்பினும் தன்னையேனும் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் வேறுபடுத்துவார். இப்படத்தில் குற்றம் நிகழ்வது நள்ளிரவிலன்று. இலைகளினூடே சூரியனையே நேர்நோக்கும் கசுவோ மியாகவாவின் கமரா காட்டும் பட்டப்பகலில். ஒளி குறைந்தமையால் எவரும் பிழையாகக் காணவில்லை. கயிற்றரவு உவமை இங்கு உதவாமைக்குக் காரணம் அதுவே. குரோசவா சித்தாந்தம் பயின்றாரென நான் கூறவில்லை. ஆயினும் தன்னைப் பற்றிப் பேசுகையில் மனிதனால் அலங்கரிக்காமற் பேசவியலாது என்பதே படத்தின் பொருளெனத் தன்வரலாற்றில் அவரே விளக்கியுள்ளார்.

நீதிபதி ஓரிடத்திலேனும் காட்டப்படுவதில்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுகின்றனர். 'ஆளுக்கோர் உண்மை' என்று எழுந்து செல்பவர் அவ்விருக்கையைக் கைவிட்டவராகிறார். அதனால் இழப்படைபவள் அப்பெண்ணே. அவளுக்கு இழைக்கப்பட்ட வன்முறையும் பல கதைகளுள் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

அக்குதாகவாவின் மூலக்கதையான 'தோப்பினுள்ளே' (1922) காணாத கைக்குழந்தையை இறுதியிற் கொணர்ந்தது மிகையுணர்ச்சி என்பாருளர். எனக்கும் முதலில் அது உறுத்தவே செய்தது. ஆனால் ஆறு பிள்ளைகளின் தந்தையான விறகுவெட்டி அக்குழந்தையைக் கேட்பது, தன் திருட்டு வெளிப்பட்டு நாணி நின்ற பின்னரே. கொலையாளி யாரென்பது அப்போதும் தெரியவில்லை. மழை மட்டும் விட்டிருக்கிறது.