இடுப்பில் ஒரு ரப்பர் வளையம்

பொம்மை வாங்க வந்தவர் முகத்தைப் பார்ப்பார். சேகரிக்கிறவர் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதன் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தேயாமல் துருவேறி இருந்தால், உள்ளே இருப்பது அநேகமாகத் தொழிற்சாலையில் மாட்டிய ரப்பர் வளையமேதான். இன்றோ நாளையோ அறுந்துவிடும். அடுத்து இடுப்பைப் பிடித்து லேசாக ஆட்டுவார். கைக் கட்டைவிரல்கள் இரண்டும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். முகம் கடைசியில்தான்.

நான் சொல்வது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ வரிசையை. உயரம் 3¾ அங்குலம்; உள்ளங்கையில் நீட்டிப் படுக்கவைக்கலாம். ஆக்‌ஷன் ஃபிகர் உலகில் இதைவிட அழகான முகங்கள் உண்டு, இதைவிட விலை கூடியவை ஏராளம். ஆனால் இவ்வளவு சிறிய உடம்புக்குள் இவ்வளவு நேர்மையான பொறியியலை நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டு ஓடுகளாகப் பிரியும். தலையும் இரண்டு கைகளும் அவற்றுக்கு நடுவே சும்மா பொருந்தி நிற்பவை, தானாகவே கையில் வந்துவிடும். கால்கள் இரண்டையும் ஒரு சிறு உலோகக் கொக்கி சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தக் கொக்கியில் மாட்டிய கறுப்பு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், இடுப்புத் துண்டின் வழியாக மேலேறி மார்புக்குள் இருக்கும் முளையில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவுதான். மேலுடம்பையும் கீழுடம்பையும் சேர்த்துவைப்பது பசையோ ஆணியோ கிடையாது, ரப்பரின் இழுவிசை ஒன்றுதான். அதனால் பொம்மை குனியும், திரும்பும், பக்கவாட்டில் சாயும், மண்டியிட்டுக் குறிபார்க்கும்.

மூட்டு என்பது வீணையின் பிரடையைப் போன்றது. திருப்பினால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சாதிப்பது எளிது. ஆயிரம் முறை மடக்கிய பிறகும் இரண்டையும் சாதிக்கிற மூட்டைச் செய்வது பெரிய வித்தை. ஓ-ரிங் பொம்மையில் ரப்பர் தளர்ந்தால் புது வளையம் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம். சரியான அளவுள்ள வளையம், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிடப் பொறுமை போதும். நாற்பது வயதுப் பொம்மை இளமையாக எழுந்து நிற்கும். வளையம் அளவில் சிறியதாகிவிட்டால் மட்டும் இடுப்புத் துண்டு பிளந்துபோகும். அதற்கு மருந்து கிடையாது.

முதல் ஆண்டுப் பொம்மைகளின் கைகள் முழங்கையில் மடங்கும், ஆனால் அச்சில் சுழலாது. துப்பாக்கியை இரண்டு கைகளாலும் பிடிக்கவைக்க முடியாமல் பிள்ளைகள் திண்டாடியிருப்பார்கள். 1983-ல் முழங்கைக்கு மேலே ஒரு சுழல்மூட்டைச் சேர்த்தார்கள். 1985-ல் கழுத்துக்குப் பந்துமூட்டு வந்தது. அதுவரை இடமும் வலமும் மட்டும் பார்த்த தலை அதற்குப் பிறகு வானத்தையும் பார்த்தது. சேகரிப்பாளர்கள் முதல் ஆண்டுப் பொம்மைகளை 'ஸ்ட்ரெயிட் ஆர்ம்' என்று தனியாகப் பிரித்து மதிப்பார்கள். எனக்குப் பிடித்தது 1983-ன் உடம்பு.

இந்த 3¾ அங்குலம் எங்கிருந்து வந்தது? 1964-ல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோவின் உயரம் 12 அங்குலம். துணி உடுத்திய சிப்பாய். மனித உடம்பின் வடிவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பதால், போலிகளைக் கண்டுபிடிக்கக் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். வலது கட்டைவிரலில் தப்பான பக்கத்தில் செதுக்கப்பட்டுவிட்ட நகமும் அதற்கு உதவியது. அந்தக் காலத்தில் கையால் செய்த முதல் மாதிரிப் பொம்மை 2003 ஏலத்தில் 2,00,000 டாலருக்குப் போனது. 1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறியபோது பன்னிரண்டு அங்குலச் சிப்பாய்க்குக் கட்டுப்படியாகவில்லை. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை பெற்ற கென்னர் நிறுவனத்தின் தலைவர் பெர்னி லூமிஸ், விரல்களை அகட்டிக் காட்டி "இந்த உயரத்துக்குச் செய்யலாமா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. விண்கலத்துக்குள் உட்காரவைக்கப் பெரிய பொம்மையாக இருந்தால் விண்கலத்தையும் கட்டில் அளவுக்குச் செய்ய வேண்டியிருக்கும். அதுதான் உண்மையான காரணம். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகாமல் போக, கென்னர் வெறும் அட்டை உறையையும் ஒரு சான்றிதழையும் விற்றது. பொம்மைகள் அடுத்த ஆண்டு தபாலில் வரும் என்று வாக்குக் கொடுத்தது. இல்லாத பொம்மையை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று அந்த உறையையும் சேகரிக்கிறார்கள்.

ஜப்பானில் இதே கதை வேறு வழியாகச் சென்றது. ஜி.ஐ. ஜோ உரிமையை வாங்கிய தகாரா நிறுவனம் அந்த உடம்பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே இயந்திரம் தெரிய, 1972-ல் 'ஹென்ஷின் சைபோர்க்' செய்தது. அதைச் சுருக்கி 1974-ல் பத்து சென்டிமீட்டர் உயர 'மைக்ரோமேன்' வந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த உருமாறும் ரோபோக்களை ஹாஸ்ப்ரோ திரும்ப வாங்கி 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயரிட்டது. ஹாஸ்ப்ரோ தான் விற்றதன் பேரனையே காசு கொடுத்து வாங்கி வந்தது போல.

கென்னர் பொம்மைகளுக்கு ஐந்தே மூட்டுகள்: கழுத்து, தோள்கள், இடுப்பில் கால்கள். நின்றால் கம்பம், உட்கார்ந்தால் நாற்காலி. அதே உயரத்தில் ஹாஸ்ப்ரோ முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாவற்றையும் கொடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் சாதனையின் அளவு புரியும்.

சிக்கனம் கலையாக மாறியதற்கு ஸ்நேக் ஐஸ் என்ற வீரன் சாட்சி. 1982 வரிசையை வடிவமைத்த ரான் ருடாட்டின் குழுவுக்கு, ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை பெயின்ட் என்று கணக்கு இருந்தது. மற்ற வீரர்களுக்குச் செலவழித்ததை ஈடுகட்ட ஒருவனை மட்டும் பெயின்டே இல்லாமல் முழுக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். முகமூடி, கண்ணாடி, தோள்பட்டை எல்லாம் ஒரே கறுப்பு. செதுக்கல் மட்டுமே அவனுக்கு உருவம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போதுதான் மார்பில் கோத்திருக்கும் குண்டுகள் கண்ணுக்குத் தெரியும். பணம் மிச்சம் பிடிக்கப் பிறந்த அவன்தான் அந்தக் கூட்டத்திலேயே பேர்போனவனானான். பேசமாட்டான், முகம் காட்டமாட்டான் என்று கதையை எழுதிச் சேர்த்தவர் லாரி ஹாமா. மார்வெலின் ஜி.ஐ. ஜோ காமிக்ஸில் 1984-ல் வந்த 21-ஆவது இதழில் வசனமே வைக்காமல் ஒரு முழுக் கதையைச் சொன்னவரும் அவர்தான். ராணுவத்தில் பணியாற்றியவர் என்பதால் அவர் எழுதிய குறிப்புகளில் சிப்பாய்களின் அலுப்பும் கிண்டலும் இருக்கும். பொம்மை அட்டையின் பின்பக்கத்தில், வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு 'ஃபைல் கார்டு'. பிறந்த ஊர், சிறப்புத் தகுதி, கூட வேலை செய்பவர் அவனைப் பற்றிச் சொல்லும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியால் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்குக்கு ஊரும் உறவும் வந்துவிடும். அட்டையின் முன்பக்கத்தில், மஞ்சளும் சிவப்புமாக வெடித்துச் சிதறும் பின்னணியில் பாய்ந்து வரும் வீரர்களை வரைந்தவர் எக்தோர் காரிடோ. சினிமா பேனர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துணிச்சலான வண்ணங்களை ரசிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

அட்டையைப் பிரிக்கலாமா, கூடாதா என்பது இந்தத் துறையின் தீராத வழக்கு. பிரிக்காமல் அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து, தர மதிப்பீட்டு நிறுவனத்திடம் எண் வாங்கி, அந்த எண்ணைக் கொண்டே விற்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் சேகரிப்பது அட்டையை. மூட்டைத் தொட்டே பார்க்காதவருக்கு ஓ-ரிங் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? நான் லூஸ் ஃபிகர், அதாவது அட்டை பிரித்த பொம்மை, கட்சி. துப்பாக்கியும் முதுகுப்பையும் உடன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை, தேடுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்கும்.

பணத்தின் போக்கு வேடிக்கையானது. கென்னர் 1979-ல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் போபா ஃபெட் பொம்மைக்கு முதுகிலிருந்து பாயும் ராக்கெட் வைப்பதாக விளம்பரம் செய்தது. வேறொரு நிறுவனத்தின் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்ததும் அதைக் கைவிட்டது. கடைக்கே வராத அந்த மாதிரிப் பொம்மைகளில் ஒன்று 2024-ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. அதே வரிசையில் ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்துக்கு முதலில் வினைல் மேலங்கி போட்டார்கள். மலிவாகத் தெரிகிறது என்று துணிக்கு மாற்றினார்கள். மலிவாகத் தெரிந்ததுதான் இன்று எட்டாத விலை. அதனால் ஓபி-வான் பொம்மையின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டி ஏமாற்றுகிறவர்களும் முளைத்தார்கள். தையலையும் வெட்டு விளிம்பையும் நிறத்தையும் பார்த்துப் போலியைப் பிடிக்கிற கண் எளிதில் வந்துவிடாது.

காலம் எல்லாப் பொம்மையையும் ஒரே மாதிரி அழிப்பதில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் பழுப்பாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கவைப்பார்கள், நாளடைவில் பழுப்பு திரும்பவும் எட்டிப் பார்க்கலாம். மென்மையான பிவிசி காலப்போக்கில் எண்ணெய் கக்கிப் பிசுபிசுக்கும். சில டிரான்ஸ்ஃபார்மர்களின் தங்கநிறப் பிளாஸ்டிக்குக்கு இன்னும் மோசமான நோய்: தொட்ட இடத்தில் பிஸ்கட்டாக நொறுங்கும். 1983 ஜி.ஐ. ஜோ வரிசையின் டெஸ்ட்ரோவுக்கு வெள்ளி முலாம் பூசிய தலை, விரல் பட்டுப் பட்டே மூக்கு நுனியில் முலாம் போய்விடும். மூக்கு மின்னுகிற டெஸ்ட்ரோவை வைத்து யாரும் அதிகம் விளையாடவில்லை என்று அர்த்தம். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்தான்.

இன்றைய தொழில்நுட்பத்துக்கு முன் இதெல்லாம் பழங்கதை என்பார்கள். உண்மைதான். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்யும் பன்னிரண்டு அங்குல உருவங்களில் தோல் துளைகூடத் தெரியும், கண்ணில் ஈரம் மின்னும். ஜப்பானின் காயோடோ 2006-ல் தொடங்கிய ரெவோல்டெக் பொம்மைகளின் மூட்டு 'கிளிக் கிளிக்' என்று படிப்படியாகத் திரும்பி, சிற்பி நினைத்த பாவனையில் நிற்கும். ரெவோல்டெக்கை நான் மனமாரப் பாராட்டுவேன், ஏனென்றால் அது மூட்டை ஒளிக்க வெட்கப்படுவதில்லை. ஹாட் டாய்ஸ் விஷயம் வேறு. பிரமிப்பேன், பிறகு கண்ணாடி அலமாரியை மூடிவிட்டு வந்துவிடுவேன். நடிகரின் முகம் அச்சாக வந்துவிட்ட பிறகு என் கைக்கு அங்கே வேலை இல்லை.

என் அலமாரியில் முதல் தட்டு இந்தியப் பொம்மைகளுக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கியது. முதல் தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் எஃகு மோல்டுகள் விலை உயர்ந்தவை. அமெரிக்கச் சந்தைக்கான வேலை முடிந்ததும் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்புவார்கள். பிரேசிலின் எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவின் பிளாஸ்டிராமா என்று ஊர் சுற்றியவை உண்டு. இந்தியாவுக்கு வந்த மோல்டுகளில் ஃபன்ஸ்கூல் தன் இஷ்டத்துக்கு வண்ணம் வார்த்தது. அமெரிக்கப் பதிப்பில் மூன்று நிறத்தில் இருக்கும் காட்டு உடையின் புள்ளிகளைக் குறைத்தது. அடக்கமான பச்சைக்குப் பதில் பளீரென்ற மஞ்சளும் ஆரஞ்சும் போட்டது. எதிரிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள வேண்டிய சிப்பாய் கோயில் கொடைக்குப் போகிறவன் மாதிரி நிற்பான்.

அமெரிக்காவில் 1994-ல் இந்த வரிசை நின்றுபோனது. இந்தியாவில் நிற்கவில்லை, 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓ-ரிங் சிப்பாய்கள் நம் ஊர்க் கடைகளில் தொங்கினார்கள். தொலைந்துபோன பால்ய வயதைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுபிடித்ததும் பொட்டி பொட்டியாக வரவழைத்தார்கள். நமக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது அவர்களுக்கு அரிய வேரியன்ட். மாறிய நிறங்களைப் பட்டியலிட்டு, எந்த ஆண்டில் எந்தக் காலணி கறுப்பு, எந்த ஆண்டில் பழுப்பு என்று அவர்கள் செய்திருக்கும் ஆராய்ச்சியைப் பார்த்தால் கல்வெட்டு ஆய்வாளருக்கே பொறாமை வரும்.

இதில் மணிமகுடம், ஹாஸ்ப்ரோவின் அசல் வரிசையில் இல்லாத ஒருவன். தூர்தர்ஷனில் 'ஸ்ட்ரீட் ஹாக்' தொடர் ஓடிய காலம் நினைவிருக்கிறவர்களுக்கு அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிளும் நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒரே ஒரு பருவத்தோடு முடிந்து மறக்கப்பட்ட தொடர் அது. இந்தியப் பிள்ளைகள் அதன்மேல் பைத்தியமாக இருந்ததைப் பார்த்து, ஃபன்ஸ்கூல் அந்த நாயகனை ஜி.ஐ. ஜோ உடம்பில் பொம்மையாக்கி விற்றது. ஒப்பிட்டுத் திருத்த அதற்கு அமெரிக்க மூலம் கிடையாது. முழுக்க நம் தொலைக்காட்சி ரசனையில் பிறந்தது. என்னிடம் அது இல்லை. போகிக்குப் பரண் இறக்கும்போது உங்கள் வீட்டில் கிடைத்தால், பழைய பிளாஸ்டிக்கோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட்டும் கூட இருக்கிறதா என்று ஒரு முறை மூட்டையைத் துழாவிப் பாருங்கள்.