ஒளி மங்கும் கோணம்

சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு, அதன்மேல் ஓர் அணு தடிமனில் கிராஃபீன். பட்டகம் வழியாக லேசரைச் சாய்த்துச் சாய்த்துப் பாய்ச்சினால், பளிச்சென்று திரும்பிவரும் ஒளி ஒரு கோணத்தில் மட்டும் சட்டென மங்கும். தங்கத்தின் எலக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. மேலே படிந்திருப்பது நல்ல செல்லா, புற்றுச் செல்லா என்பதைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும், அதோடு அந்தக் கோணமும் நகரும். சாயம் ஏற்ற வேண்டாம், செல்லைக் குலைக்க வேண்டாம். இந்த உணரியின் அழகே மெல்லிசில்தான். தங்கம் தடித்தால் ஒளி மறுபக்கம் எட்டாது. கிராஃபீனை அளவுக்கு மீறி அடுக்கினால் கூர்மையான மங்கல் அகன்று மழுங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதே இங்கே கைத்திறன்.

இத்தகைய உணரிகளில் பலவும் கணினிக் கணக்கோடு நிற்பவை, சூடு சற்று ஏறினாலே அளவு பிசகும் என்பார்கள். முதல் குறை நியாயமானது. இரண்டாவதற்குப் பதில் உண்டு: ஒரு டிகிரி சூட்டில் நீரின் ஒளிவிலகல் எண் மாறுவது 0.0001 அளவில், கர்ப்பப்பை வாய்ப் புற்றின் ஹீலா செல்லுக்கு ஆய்வுகளில் கொள்ளும் எண் 1.392, நல்ல செல்லுக்கு 1.368; இந்த இடைவெளி சூட்டால் வரும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது. ரத்தமும் சளியும் கலந்த மாதிரிதான் நிஜமான சோதனை. அதில் இது தேறும்வரை, கீரப்பாளையத்தில் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால், தள்ளிப்போடாமல் சிதம்பரம் போய் மருத்துவரைப் பார்த்துத் திசுப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.