பதிவேடு இட்ட பெயர்

பி.ஏ. ஹுசைன்மியா ஆங்கிலத்தில் எழுதி 1990-இல் வெளியிட்ட ‘ஒராங் ரெஜிமென்’, இலங்கை மலாய் மக்களைப் பற்றிய ஆய்வுகளுள் தலையாயது. ‘படைப்பிரிவு மக்கள்’ என்னும் அத்தலைப்பிலேயே நூலின் வலிமையும் குறையும் அடங்கியுள்ளன.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவா, பாலி, மக்காஸர், அம்போன் முதலிய தீவுகளினின்று அரச கைதிகளாகவும் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொணரப்பட்டோரே இம்மக்களின் முன்னோர். 1684-இல் அங்கு நாடுகடத்தப்பட்ட மக்காஸர் ஷைகு யூசுப், 1694-இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அனுப்பப்படும்வரை அரபியில் நூல்கள் இயற்றினார். பலவேறு மொழியினரான இவர்களை ஒல்லாந்தர் பொதுவாக ‘ஜாவானியர்’ என்றனர். சிங்கள வழக்கில் இன்றும் ‘ஜா’ என்பதே பெயர். 1796-க்குப் பின் வந்த ஆங்கிலேயரோ ‘மலாய்’ என்று எழுதிக்கொண்டனர். மக்களும் அப்பெயரையே ஏற்றனர். படைமுகாமின் பொதுமொழி மலாயாக இருந்தமையும், அரபு எழுத்தில் மலாய் வாசிக்கும் பழக்கம் அங்கு வேரூன்றியமையும் அதற்கு வழிவகுத்தன என்பதை ஆசிரியர் சான்றுகளுடன் நிறுவுகிறார். 1869-இல் கொழும்பில் ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் இதழ் தோன்றியது. நான்காண்டுகளில், 1873-இல், படைப்பிரிவு கலைக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

வமிசம் என்பது பெரிதும் எண்ணத்தில் நிற்பதே, அது உண்டாக்கும் பிணைப்பே அதன் பயன் என்பது இப்னு கல்தூனின் கருத்து. அதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. நாமும் இதற்குப் புறம்பானவர் அல்லர். காங்கேயம் வட்டார இராவுத்தர், அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘லெப்பை’ என்னும் தலைப்பின்கீழ் அடங்குகிறார். வீட்டில் அப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்வோர் எத்தனை பேர்?

ஆயினும் படைப் பதிவேடு ஆடவரின் பதிவேடு. அதை அடித்தளமாகக் கொண்ட நூலில் பெண்களின் பங்கு மங்கித் தோன்றுவது இயல்பு. வந்தேறிய வீரர் பலர் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களில் மணம் புரிந்தனர். ‘வீட்டுக்கு’ என்பதைத் தாயக மலாய் ‘கெ ரூமா’ என்று முன்னொட்டிச் சொல்லும். இலங்கை மலாயோ ‘ரூமாநங்’ என்று தமிழின் நான்காம் வேற்றுமைபோல் பின்னொட்டும். வினையும் வாக்கிய இறுதிக்கு நகர்ந்துள்ளது. சிங்கள இலக்கணமும் இவ்வாறே அமைவதால், இம்மாற்றத்திற்குத் தமிழ் மட்டுமே காரணமா என மொழியியலார் வாதிடுகின்றனர். எனினும் தமிழின் பங்கை மறுத்தல் எளிதன்று. ஆசிரியர் இதனை அறியாதவர் அல்லர். நூலின் சட்டகமே இதற்குப் போதிய இடம் தரவில்லை என்பதே என் குறை.

2019-இல் வெளிவந்த ரோனித் ரிச்சியின் நூல், இம்மக்களின் கையெழுத்துப் படிகளைக் கொண்டு இவ்வரலாற்றை விரிவாக்குகிறது. நாடுகடத்தப்பட்டோர், ஆதம் (அலை) இறங்கிய ஸரந்தீபாகவே இலங்கையைக் கண்டமையை அவர் அழகுற எடுத்துரைக்கிறார். அடுக்களைப் பேச்சோ அவ்வேடுகளில் சிறிதளவே பதிந்திருக்கும்.

2012 குடிமதிப்பில் மலாயர் நாற்பதாயிரத்திற்குச் சற்று மேல். ஒரே பள்ளியில் தொழுவோராயினும் சோனகர் ஒரு நிரலில், இவர்கள் வேறொரு நிரலில். இளையோர் பலர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நகர்ந்துவிட்டனர். ஹுசைன்மியாவின் நூலைத் தமிழாக்க முன்வருவோர் வேற்றுமை உருபுகளைப் பற்றி ஓர் இயலைப் பின்னிணைப்பாகவேனும் சேர்க்கவேண்டும்; அவ்வுருபுகளோடு மலாய் பேசும் முதியோர் இன்னும் உள்ளனர்.